வாரத்துக்கு ஒரு முறை போதும்

அமெரிக்காவில் ஒருவர் வாரத்துக்கு இரண்டு முறை பிளாஸ்மா கொடுத்துப் பணம் வாங்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் விட்டால் போதும். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 104 முறை. ஜெர்மனியில் ஆண்டுக்கு 60 முறைதான். பிரிட்டனில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஐரோப்பியக் கவுன்சிலின் வழிகாட்டி 33 முறைக்கு மேல் வேண்டாம் என்கிறது. அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனால் மனித உடம்பு மூன்று மடங்கு தாங்கும் என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

2019இல் டெக்சாஸில் முதுநிலைப் படிப்பில் இருந்தபோது, ஒரு ஸ்பிரிங் செமஸ்டர் முழுக்க வாரம் இரண்டு முறை அந்தக் கட்டிலில் கை நீட்டிப் படுத்தவன் நான். பிளாஸ்மா கொடுத்துப் பணம் வாங்குவது கேவலம் என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அதைத் தடை செய்யச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தப் பணத்தை அவர்கள் பிரித்துக் கொடுக்கும் விதம், கையில் காசில்லாத ஒருவரைச் சட்டத்தின் எல்லை வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. அது மாற வேண்டும்.

பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டில் ஓடுவது கூலித் தறி. பாவும் ஊடும் முதலாளியுடையது, தறியும் உழைப்பும் எங்களுடையது. வங்கியில் வாங்கிய கல்விக் கடன் கல்லூரிக் கட்டணத்துக்கே சரியாகப் போனது. வாடகையையும் சாப்பாட்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவர் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். எனக்கு மாணவர் உணவகத்தில் தட்டு கழுவும் வேலை, மணிக்கு எட்டரை டாலர். அந்த வேலைக்காக வாங்கிய சமூகப் பாதுகாப்பு எண் கையில் இருந்ததால்தான் பிளாஸ்மா மையத்திலும் என்னைப் பதிவு செய்தார்கள். எண் இல்லாத மாணவர்கள் பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் பலருக்கும் பிளாஸ்மா என்பது கொரோனா காலத்தில் கேட்ட சொல். 2020இல் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் பிளாஸ்மா வங்கி திறந்தது நினைவிருக்கும். ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணுக்களை நீக்கிவிட்டால் மிஞ்சும் வெளிர்மஞ்சள் திரவம்தான் அது. பெரும்பகுதி தண்ணீர். மீதியில் இருக்கும் புரதங்களுக்குத்தான் விலை: ஆல்புமின், நோயை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின், ரத்தம் உறைய உதவும் காரணிகள்.

மையத்துக்குள் நுழைந்ததும் தொடுதிரையில் கேள்விகள். பச்சை குத்தினாயா, காய்ச்சல் வந்ததா, என்ன மருந்து சாப்பிடுகிறாய். பிறகு எடை, ரத்த அழுத்தம், நாடி, உடல் வெப்பம். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து ரத்தத்தில் சிவப்பணுவின் அளவையும் புரதத்தின் அளவையும் பார்ப்பார்கள். புரதம் டெசிலிட்டருக்கு 6 கிராமுக்குக் கீழே போனால் அன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ரசம் சாதமும் தயிர் சாதமுமாக மாதத்தை ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு அது நடந்தது. பேருந்துக் காசு செலவழித்துப் போய், வெறுங்கையோடு திரும்பினேன். அதன் பிறகு முட்டையும் வேர்க்கடலையும் வாங்க ஆரம்பித்தேன். பிளாஸ்மா கொடுத்து வந்த காசில் ஒரு பங்கு, அடுத்த முறை பிளாஸ்மா கொடுக்கத் தேறுவதற்கே போனது.

எவ்வளவு எடுப்பது என்பதை எடைதான் தீர்மானிக்கும். 50 கிலோவுக்குக் கீழே இருப்பவரைச் சேர்க்க மாட்டார்கள். அப்போதிருந்த கணக்கில் என் எடைக்கு, உறையாமல் இருக்கச் சேர்க்கும் மருந்தோடு சேர்த்து 690 மில்லி. 80 கிலோ ஆளுக்கு 880. ரத்தப் பரிசோதனைக்குக் குத்தும் ஊசி மாதிரி இருக்காது, நல்ல தடிமன். இயந்திரம் ரத்தத்தை இழுக்கும்போது விரல்களை மடக்கி மடக்கி விரிக்க வேண்டும். உள்ளே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துக்கொண்டு சிவப்பணுக்களை அதே ஊசி வழியாகத் திருப்பி விடும்போது கையைச் சும்மா வைத்திருக்க வேண்டும். இப்படி மாறி மாறி ஒரு மணி நேரம். உறையாமல் தடுக்கும் சிட்ரேட் உடம்புக்குள்ளும் கொஞ்சம் வந்துவிடும். அது ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதட்டில் எறும்பு ஊர்வது போல இருக்கும். கடைசியில் உப்பு நீர் ஏறும்போது தோள்வரை குளிரும். முழங்கை மடிப்பில் ஒரு வண்ணக் கட்டு. நாம் வெளியே வருவதற்குள் அவர்கள் கொடுத்திருக்கும் அட்டையில் பணம் ஏறியிருக்கும்.

எவ்வளவு பணம், எந்தக் கணக்கில் என்பதுதான் என் புகாரின் மையம்.

புதிதாக வருபவருக்கு முதல் சில முறை 50 டாலர் கொடுத்தார்கள். இதற்குக் காரணம் உண்டு. ஒருவர் முதல் தடவை கொடுக்கும் பிளாஸ்மா அப்படியே மருந்துக்குப் போகாது. ஆறு மாதத்துக்குள் அவர் மறுபடி வந்து, இரண்டாவது சோதனையிலும் தேறினால்தான் முதலாவதையும் எடுத்துக்கொள்வார்கள். எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமிகள் மருந்துக்குள் நுழையாமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு இது. அதனால் ஆளை மறுபடி வரவைக்கப் பணம் கூட்டிக் கொடுப்பதை ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சலுகைக் காலம் முடிந்த பிறகு கணக்கு வேறு மாதிரி ஆனது. செவ்வாய்க்கிழமை போனால் 20 டாலர். அதே வாரம் வியாழக்கிழமையும் போனால் 45. ஒரு மாதத்தில் எல்லா வாரமும் இரண்டு முறை வந்தால் மேலே ஒரு போனஸ். ஒரு வாரம் தவறினால் போனஸ் போச்சு.

இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பாருங்கள். வாரம் ஒரு முறை மட்டும் கொடுத்து உடம்பைப் பார்த்துக்கொள்கிறவருக்கு 20 டாலர்தான். உடம்பு இன்னும் ஈடு செய்து முடிக்காத நிலையில் இரண்டே நாளில் திரும்பி வருபவருக்கு அதைவிட இரு மடங்குக்கும் மேல். கொடுத்த திரவத்தின் அளவை உடம்பு ஒன்றிரண்டு நாளில் சரிக்கட்டிவிடும். புரதங்கள் மெதுவாகத்தான் திரும்பும். அடிக்கடி கொடுப்பவர்களின் ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் அளவு தாழ்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எந்த முறையை உடம்பு வேண்டாம் என்று சொல்கிறதோ அந்த முறைக்குத்தான் அதிகக் காசு. காய்ச்சல் வரும் போல இருந்தாலும், மறுநாள் தேர்வு இருந்தாலும், வியாழக்கிழமையை நான் விட்டதில்லை. அன்று மாலையே தட்டு கழுவும் அறையின் நீராவிக்குள் நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்து சுவரைப் பிடித்திருக்கிறேன். கனமான வேலை செய்யாதே என்று மையத்தில் சொல்லித்தான் அனுப்புவார்கள். அந்த வேலையும் வேண்டும், இந்தப் பணமும் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் என்ன செய்வார்?

என் அறைத்தோழன் விஜயவாடாக்காரன். ஒருநாள் அவனுக்கு இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது. குழாயிலும் கிண்ணத்திலும் இருந்த சிவப்பணுக்களைத் திருப்பி ஏற்ற முடியவில்லை. அப்படி நடந்தால் எட்டு வாரம் பிளாஸ்மா கொடுக்கக் கூடாது என்பது விதி, சரியான விதி. அன்றைய பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த எட்டு வார வாடகையை அவன் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. தொழிற்சாலையில் இயந்திரம் பழுதாகித் தொழிலாளி வீட்டில் உட்கார நேர்ந்தால் ஏதாவது ஒரு நஷ்ட ஈட்டுக்காவது பேச இடம் உண்டு. இங்கே அதுவும் கிடையாது.

வீட்டுக்குத் தெரியாமல் வைத்திருக்க எண்ணியதில்லை, சொல்லவும் தோன்றவில்லை. வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது முழங்கை மடிப்பில் இருந்த தழும்பை அப்பா பார்த்துவிட்டார்.

“அதென்னடா கையில, கருப்பா?”

“பிளாஸ்மா கொடுக்கறனுங்கப்பா. காசு தர்றாங்க.”

கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. “இங்கதான் கிட்னியை வித்துப்போட்டு உக்காந்திருக்கறாங்க. நீ அத்தனை தூரம் போயி ரத்தத்தை விக்கறயா சாமி?”

பள்ளிபாளையத்துக்காரர் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. விசைத்தறித் தொழிலாளிகளைக் குறிவைத்துச் சிறுநீரகத் தரகர்கள் சுற்றுவது எங்கள் பக்கத்தில் பல ஆண்டுகளாகப் பேசப்பட்ட சங்கதி. 2025இல் அது வெளிச்சத்துக்கு வந்து, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்க வேண்டியதாயிற்று. சிறுநீரகம் போனால் போனதுதான். பிளாஸ்மா ஊறும். அது ரகசியமாக நடக்கும் குற்றம், இது சட்டப்படி, சோதனைகளோடு, பதிவேட்டோடு நடப்பது. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது என்று அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். ஆனாலும் அவர் பயத்தில் ஒரு நியாயம் இருந்தது. இரண்டு வாசலிலும் ஆளைக் கொண்டுவந்து விடுவது கடன்.

அந்தக் கட்டில்களில் படுத்திருந்தவர்களைப் பார்த்தால் இது புரியும். மாணவர்கள் பாதிப் பேர். மீதி கிடங்குத் தொழிலாளர்கள், பகுதிநேர வேலைக்காரர்கள், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் தாய்மார்கள். கேத்ரின் எடினும் லூக் ஷேஃபரும் 2015இல் எழுதிய அமெரிக்க வறுமை பற்றிய புத்தகத்தில், வேறு ரொக்க வருமானமே இல்லாமல் பிளாஸ்மாப் பணத்தை நம்பியிருக்கும் குடும்பங்களைக் காட்டியிருக்கிறார்கள். ஜான் டூலி, எமிலி கல்லகர் என்ற இரு ஆய்வாளர்கள் இன்னொரு பக்கத்தையும் காட்டினார்கள். ஒரு வட்டாரத்தில் பிளாஸ்மா மையம் திறந்தால், சம்பளத்தின் மேல் கொள்ளை வட்டிக்குக் கொடுக்கும் கடன்களை அங்குள்ள இளைஞர்கள் நாடுவது குறைகிறது. கந்து வட்டி தெரிந்த ஊரில் பிறந்தவன் நான். அதனால்தான் இந்த மையங்களை இழுத்து மூடு என்று என்னால் சொல்ல முடியவில்லை. மூடினால் அவர்கள் போகும் அடுத்த வாசல் இதைவிட மோசமானது.

மருந்தின் தேவையும் பொய்யில்லை. கை கால் திடீரென்று செயலிழக்கும் கில்லன் பாரே நோய்க்கு இம்யூனோகுளோபுலின் கொடுக்கும் வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம். 60 கிலோ ஆளுக்கு 120 கிராம். ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் கிடைப்பது சுமார் 4 கிராம். அப்படியென்றால் 30 லிட்டர் வேண்டும். என்னைப் போன்ற எடையுள்ளவர்கள் நாற்பது ஐம்பது முறை கட்டிலில் படுத்து எழுந்தால் ஒரே ஒரு நோயாளிக்கு ஐந்து நாள் மருந்து. பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குறைந்த ஒருவருக்கு ஓராண்டுக்கு 130 முறை கொடுத்த பிளாஸ்மாவும், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோய் உள்ளவருக்கு 1,200 முறை கொடுத்ததும் தேவைப்படும் என்று இந்தத் தொழிலின் சங்கமே கணக்குச் சொல்கிறது.

இந்தியாவில் பணத்துக்கு ரத்தம் வாங்குவது கிடையாது. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 முதல் தொழில்முறை ரத்தக் கொடையாளர் முறை முடிவுக்கு வந்தது. அதனால் நாம் இந்தப் பழியிலிருந்து தப்பித்துவிட்டோம் என்று எண்ணிவிட வேண்டாம். ஆல்புமினையும் இம்யூனோகுளோபுலினையும் நாம் இறக்குமதியும் செய்கிறோம். உலகில் மருந்துக்காகச் சேகரிக்கப்படும் பிளாஸ்மாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிலிருந்து வருகிறது. ஸ்பெயினின் கிரிஃபோல்ஸ், ஆஸ்திரேலியாவின் சிஎஸ்எல், ஜப்பானின் டகேடா, சுவிட்சர்லாந்தின் ஆக்டாஃபார்மா எல்லாம் அங்கே மையம் வைத்திருக்கின்றன.

பணம் கொடுத்தால் நோயுள்ளவர் மறைத்துக்கொண்டு வருவார் என்று 1970இலேயே பிரிட்டனின் ரிச்சர்ட் டிட்மஸ் எச்சரித்தார். 1978 முதல் அமெரிக்காவில் நோயாளிக்கு ஏற்றும் ரத்தப் பையின் மேல், அது காசுக்கு வந்ததா தன்னார்வமாக வந்ததா என்று அச்சிட வேண்டும் என்ற விதி வந்தது. காசு ரத்தம் அதோடு ஏறக்குறைய நின்றுபோனது. தொழிற்சாலைக்குப் போகும் பிளாஸ்மாவுக்கு அந்த விதி வரவில்லை. 1980களில் கிருமி கலந்த உறைதல் காரணி மருந்தால் ஹீமோஃபிலியா நோயாளிகள் ஆயிரக்கணக்கில் எய்ட்ஸுக்குப் பலியானார்கள். அர்கன்சாஸ் மாநிலச் சிறையில் கைதிகளிடம் பிளாஸ்மா எடுப்பது 1994 வரை நடந்தது. இன்று வெப்பத்தாலும் கரைப்பான்களாலும் கிருமிகளைச் செயலிழக்கச் செய்கிறார்கள். மருந்து வாங்குபவரின் பாதுகாப்புக்காக இத்தனை படிகள் வந்துவிட்டன. கொடுப்பவருக்காக வந்தவை மிகச் சில. நான்கு மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் புரதங்களை வகைபிரித்துப் பார்க்க வேண்டும் என்ற விதி உண்டு. ஐந்தாண்டு கொடுத்துவிட்டு நின்றுபோன ஒருவரின் உடல்நிலை பின்னால் என்ன ஆயிற்று என்று தொடர்ந்து பார்க்க யாருக்கும் கடமை இல்லை.

வரம்பைக் குறைத்தால் நோயாளிகளுக்கு மருந்து கிடைக்காது என்பார்கள். இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் குடியரசு, ஹங்கேரி நான்கு நாடுகளும் கொடுப்பவருக்குப் பணம் தருகின்றன. அமெரிக்காவைவிடக் கடுமையான வரம்பும் வைத்திருக்கின்றன. ஐரோப்பாவில் தங்கள் தேவைக்கு மேல் பிளாஸ்மா சேர்ப்பவை அந்த நாடுகள்தான். குறைவான பேரிடம் அடிக்கடி எடுப்பதற்குப் பதிலாக நிறையப் பேரிடம் அளவோடு எடுக்க வழி இருக்கிறது. அதற்கு நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய வேண்டியிருக்கும், செய்யட்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் செய்ய வேண்டியது இரண்டு: வரம்பை வாரத்துக்கு ஒன்றாக்குவது; இரண்டாவது முறைக்குக் கூடுதல் பணம், மாதம் தவறாமல் வந்தால் போனஸ் என்ற இழுப்புகளைத் தடுத்து, ஒவ்வொரு முறைக்கும் ஒரே கூலி என்று வைப்பது. செவ்வாய்க்கிழமைக்கே எனக்கு 45 டாலர் கிடைத்திருந்தால் வியாழக்கிழமை நான் நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன்.

நம் பிள்ளைகளுக்கு இதில் விசாச் சிக்கலும் இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து சுற்றுலா விசாவில் எல்லை தாண்டி வந்து பிளாஸ்மா கொடுத்தவர்களை 2021இல் அமெரிக்க எல்லைக் காவல் துறை தடுத்தது. அது கூலிக்குச் செய்யும் வேலை என்பது அவர்கள் வாதம். 2022இல் நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. அது வேறு விசா, வேறு வழக்கு. ஆனால் அரசே ஒரு கட்டத்தில் இதை வேலை என்று சொன்ன பிறகு, வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்கக் கூடாத எஃப்-1 மாணவர் விசாரிக்காமல் கை நீட்டுவது விவேகமில்லை. பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வருகிற பணம் வரிக்கணக்கில் காட்ட வேண்டிய வருமானம் என்பதும் நினைவிருக்கட்டும்.

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் கடன் வாங்கிப் போனவர்கள் ஏராளம். கடன் போடும்போதே வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். “அங்கே போய்ப் பார்த்துக்கலாம்” என்று ஒரு மாதச் செலவைக்கூட விட்டுவைக்காதீர்கள், ஏனென்றால் அந்த ஓட்டையை அடைப்பது உங்கள் பிள்ளையின் கையில் ஏறும் ஊசியாக இருக்கலாம். ஏற்கெனவே பிளாஸ்மா மையத்துக்குப் போய்க்கொண்டிருக்கிற தம்பி, தங்கைகளே, ஒளிக்க வேண்டிய காரியம் எதையும் நீங்கள் செய்யவில்லை. வீட்டில் சொல்லுங்கள். வாரம் ஒரு முறைக்கு மேல் போகாதீர்கள், போனஸ் போனாலும் போகட்டும். முட்டையும் பருப்பும் தண்ணீரும் குறைவில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். கொடுத்த அன்றைக்கு வேலைக்குப் போகாதீர்கள், தேர்வுக்கு முந்தைய நாள் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.